உச்சிக் கோடு

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் பார்க்கும் வேலையில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதற்குள் ஒன்பது வேலை பார்த்து ஒன்பதையும் விட்டிருந்தேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றது. சொந்த ஊரான மீன்சுருட்டியில் லாரி ஏறியவன் திருப்பூரில் பனியன் மடித்தேன், பாலக்காட்டுப் பக்கம் மரம் இழுத்தேன், அரியலூரில் சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்தேன், பெரம்பலூரில் ஒரு கொத்தனாருக்குச் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. சில ஊரில் சாப்பாடு சரியில்லை, சில ஊரில் கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்வேன். எந்த ஊரிலிருந்தும் என்னை யாரும் துரத்தியதில்லை. நானாகத்தான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

டைம் கீப்பர் வேலை என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தனியார் பஸ் ஒவ்வொன்றுக்கும் அது கிளம்ப வேண்டிய நிமிஷம் பர்மிட்டிலேயே இருக்கும். அரியலூருக்குக் காலையில் பச்சை வண்டி எட்டு நாற்பது, மஞ்சள் வண்டி எட்டு நாற்பத்தாறு. நடுவில் இருக்கும் அந்த ஆறு நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்து வருகிற ஜனம் மஞ்சள் வண்டிக்குச் சொந்தம். பச்சை வண்டி ஒரு நிமிஷம் கூட நின்றால் மஞ்சள் வண்டிக்காரன் வயிற்றில் அடித்த மாதிரி. அதனால் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்து, சங்கத்து ஆளாக ஒருவனைத் தகரக் கூண்டில் உட்கார்த்தி வைப்பார்கள். மேஜை, சுவர்க் கடிகாரம், வண்டி வந்து போகிற நேரம் எழுத டிரிப் ஷீட், விசில். நான் விசில் அடித்தால் வண்டி நகர வேண்டும்.

சங்கத் தலைவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து மூன்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வேலை கேட்டுப் போனபோது படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"தம்பி, வாட்ச் பாக்காம ஒரு நிமிஷம் ஆச்சுன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேங்க பாய்."

"சொல்லு பாப்பம்."

கண்ணை மூடிக்கொண்டேன். கல் குழியில் இது எனக்குப் பழக்கம். வெடி வைத்து விசில் ஊதியதும் ஓடிப் போய்ப் பாறைக்குப் பின்னால் பதுங்குவோம். வெடிக்கும்வரை ஆன நேரத்தைப் பிறகு கேட்டால் ஒருத்தன் ரெண்டு நிமிஷம் என்பான், இன்னொருத்தன் கால் மணி நேரம் என்பான். பயம் அதிகமானவனுக்கு நேரமும் அதிகம். நான் பயத்தை மறக்க ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அப்படி எண்ணி எண்ணி ஒரு கடிகாரம் எனக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

"ஆச்சுங்க" என்றேன்.

பாய் தன் கையைப் பார்த்தார். "அம்பத்தெட்டு செகண்டு. மிச்சம் ரெண்டு செகண்ட நீயே வெச்சுக்க. நாளையிலேர்ந்து வா."

அந்தக் குழியில் நான் எடுத்த ஒரு பொருளும் கூண்டுக்கு வந்தது. உள்ளங்கை அளவு நத்தை, முழுக்கக் கல்லாகிப் போனது. அரியலூர் மண்ணுக்குள் இதெல்லாம் சாதாரணம். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். டிரிப் ஷீட் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்திருந்தேன். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய பிராணி ஒன்று ஒரு நிமிஷச் சண்டைக் காகிதத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு எந்த வண்டிமேலும் கோபம் இல்லை.

கூண்டில் உட்கார்ந்த பிறகுதான் நிமிஷம் என்பது ஆளுக்கு ஆள் வேறு என்று தெரிந்தது. ஒருநாள் ஒரு ஆள் வலி எடுத்த பெண்டாட்டியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்து, "எப்பங்க எடுப்பாங்க?" என்றான். நாலு நிமிஷம் இருந்தது. அந்த நாலு நிமிஷத்தில் ஆறு தடவை வந்து கேட்டான். கடைசித் தடவை, "அரை மணியா நாலு நிமிஷம்னே சொல்றீங்களே" என்று அழுதுவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. அதே நாலு நிமிஷத்தில், பக்கத்துப் பெஞ்சில் கதை பேசிக்கொண்டிருந்த காலேஜ் பெண்கள் விசில் சத்தம் கேட்டு, "ஐயய்யோ அதுக்குள்ளயா!" என்று செருப்பைத் தேடினார்கள். பச்சை வண்டி டிரைவர் ஒருமுறை பிரேக் பிடிக்காமல் புளியமரத்தில் போய் இடித்தவர். "மரம் என்னை நோக்கி நடந்து வந்துச்சுப்பா. அதும் பட்டையில இருந்த எறும்பக்கூட எண்ணியிருப்பேன்" என்பார். அப்படியென்றால் எது நிஜ நிமிஷம்? என் சுவர்க் கடிகாரம் காட்டுவதா? அது நிஜம் என்று யார் சொன்னது?

இந்தக் கேள்விதான் என்னை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

காலையில் ரேடியோவில் செய்தி தொடங்கும் நொடிக்குக் கடிகாரத்தைச் சரி வைப்பது என் வழக்கம். ஆனால் ரேடியோவை யார் சரி வைக்கிறார்கள் என்று யோசித்தேன். சூரியன்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. பகல் பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டு நாற்பதுவரை எனக்கு வண்டி இல்லை. கூண்டுக்கு எதிரே ஒரு கட்சிக் கொடிக்கம்பம் இருந்தது. கொத்தனாரிடம் வேலை பார்த்தபோது வாசற்படிக்குத் திசை பிடிக்கிற முறை எனக்குத் தெரியும். குச்சி நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்திலும் சாயங்காலம் தொடும் இடத்திலும் குறி வைத்து, நடுவைக் கண்டுபிடித்துக் கம்பத்தோடு கோடு இழுத்தால் அது நேர் வடக்கு. பகலில் நிழல் அந்தக் கோட்டில் வந்து படுக்கும்போது உச்சி. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். கம்பம் நேராகத்தான் நின்றது. சிமெண்ட் தரையில் கோடு கீறி, கம்பத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று ஆணி அடித்தேன்.

மறுநாளே கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். "யாருய்யா எங்க கம்பத்துக்குக் கீழ ஆணி அடிச்சது? எதிர்க்கட்சி வேலையா?"

"நேரம் பாக்கறதுக்குங்க."

"நேரம் பாக்க எங்க கம்பந்தான் கெடச்சுதா? அவனுங்க கம்பத்துல பாக்க வேண்டியதுதானே?"

"அது சாஞ்சிருக்குங்க. உங்களுதுதான் நேரா நிக்குது."

அதற்குப் பிறகு அவர்களே வெள்ளை பெயிண்ட் கொண்டுவந்து கோட்டின்மேல் அடித்துக் கொடுத்தார்கள்.

நிழல் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கோட்டில் விழும் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. அது பங்குனி. கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டும்போதுதான் விழுந்தது. என் கோடு தப்போ என்று வட்டத்தை மறுபடி போட்டேன். தப்பில்லை. அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் மேகம் இல்லாத ஒவ்வொரு நாளும் எழுதினேன்: தேதி, நிழல் கோட்டைத் தொட்ட நேரம். சித்திரை தொடக்கத்தில் ஒருநாள் கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போனது. அன்று பன்னிரண்டு பதினாலு. பிறகு நிழல் தெற்குப் பக்கம் திரும்பியது. அதற்கு ஒரு ஆணியை முன்னாலேயே அடித்திருந்தேன் என்பதில் எனக்குச் சந்தோஷம். வைகாசியில் பன்னிரண்டு பதினொன்று. ஆடியில் இருபத்தொன்று. ஐப்பசி மழைக்கு நடுவில் வெயில் அடித்த ஒருநாள், பன்னிரண்டு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே உச்சி வந்து என்னைத் தாண்டிப் போய்விட்டது. சூரியன் தன் டயத்துக்கு வருவதில்லை! முன்னே வருகிறது, பின்னே வருகிறது. பஸ்ஸாக இருந்திருந்தால் எத்தனை புகார் எழுதியிருப்பார்கள்.

இதற்கு நடுவில் புரட்டாசியில் சில நாள் அரியலூர்க் கூண்டுக்கும் என்னை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அங்கேயும் குச்சி நட்டேன். ரெண்டு ஊரிலும் என் கைக்கடிகாரத்தை வைத்தே பார்த்ததில், அரியலூர் உச்சி பெரம்பலூர் உச்சியைவிட ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் வந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் கிழக்கே போனால், சூரியன் அங்கே நமக்கு முன்னால் போய் நிற்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்று அரியலூரில் ரெண்டு டீ வாங்கி ரெண்டையும் நானே குடித்தேன்.

பச்சை வண்டியில் தினமும் அரியலூர் போகிற ஒரு பிசிக்ஸ் டீச்சர் உண்டு. என்னைவிட ரெண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூல் விட்டு வந்து இறங்கியவர், வெயிலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "என்னண்ணா தொலைச்சீங்க?" என்றார். நோட்டைக் காட்டினேன். நின்றபடியே ஆறேழு பக்கம் புரட்டினார்.

"பூமி சுத்தறது சரியான வட்டம் இல்லண்ணா. சூரியன்கிட்ட வரப்ப வேகமாப் போகும், தள்ளிப் போறப்ப மெதுவா. அதோட சாஞ்சுகிட்டு வேற சுத்துது. அதனாலதான் முன்ன பின்ன ஆகுது. கடிகாரம் காட்டறது வருஷம் பூராவும் சேர்த்துச் சராசரி போட்ட நேரம்."

"அப்ப இது முன்னமே எல்லாருக்கும் தெரிஞ்சதுதானா?" எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"புஸ்தகத்துல இருக்கு. நான் பரீட்சைக்குப் படிச்சேன். வெயில்ல நின்னு பாத்ததில்ல." இன்னும் ரெண்டு பக்கம் புரட்டினார். "அரியலூரையும் பாத்திருக்கீங்களா! ஒவ்வொரு ஊருக்கும் அதோட உச்சி வேறதான். ரயில் வந்தப்பறம் எல்லா ஊருக்கும் ஒரே மணின்னு பேசி வெச்சுகிட்டாங்க. இப்பன்னு நாம சொல்றதே ஒரு ஒப்பந்தந்தாண்ணா. இன்னொண்ணு தெரியுமா, ஓடற கடிகாரம் நிக்கற கடிகாரத்தவிட மெதுவா ஓடும். ரொம்ப ரொம்பக் கொஞ்சம், ஆனா நெசம்."

இந்தக் கடைசி வார்த்தையைப் பக்கத்தில் நின்று மஞ்சள் வண்டி கண்டக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் வண்டி பெரம்பலூரில் சாப்பாட்டுக்கு நிற்கும். நாற்பது வயது, வாய் அதிகம், என்னை "நேரம்" என்றுதான் கூப்பிடுவார். மறுநாளே அவர் வண்டி நாலு நிமிஷம் தாமதமாக வந்தது. ஷீட்டில் எழுதப் போனேன்.

"யோவ் நேரம், எழுதாத. ஓடற கடிகாரம் ஸ்லோவாயிடும்னு டீச்சரே சொல்லியிருக்காங்க. என் தப்பில்ல, பிசிக்ஸு."

"அது ரொம்பக் கொஞ்சம்னும் சொன்னாங்கண்ணே."

"என் வண்டி வேகம் உனக்கென்னா தெரியும்?"

வாய்தான் அப்படி. நிழல் பார்ப்பதில் அவருக்கும் ஆசை பிடித்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கை ஈரத்தோடு கம்பத்தடிக்கு வருவார். மார்கழியில் நான் காய்ச்சலில் நாலு நாள் மத்தியானம் கூண்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்தபோது, அவரே வெளியில் நின்று நிழல் கோட்டில் விழுந்ததும், "விழுந்துருச்சு!" என்று கத்துவார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் நோட்டில் எழுதி, பக்கத்தில் டிக்கெட் புத்தகத்தில் போடுகிற மாதிரி ஒரு கையெழுத்தும் போடுவார்.

தை பிறந்தது. பொங்கல் கூட்டத்தில், வண்டி எடுக்கிற நேரத்தை வைத்துப் பச்சை வண்டி டிரைவருக்கும் மஞ்சள் வண்டி கண்டக்டருக்கும் கைகலப்பு ஆகிவிட்டது. அடுத்த வாரம் மஞ்சள் வண்டி முதலாளி சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். டைம் கீப்பர் பச்சை வண்டியிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டான். எட்டு நாற்பது வண்டியை ஒன்றரை மாதமாக எட்டு நாற்பத்தைந்துக்குத்தான் அனுப்புகிறான். எட்டு நாற்பத்தாறுக்கு எடுக்க வேண்டிய எங்கள் வண்டியை எட்டு ஐம்பத்தொன்றுவரை பிடித்து வைக்கிறான். இவனை உடனே வெளியே அனுப்ப வேண்டும்.

சங்கக் கூட்டம் மறுநாள் பதினோரு மணிக்கு. அன்று காலை வழக்கம்போலப் பையைக் கட்டினேன். பத்தாவது வேலையும் போகட்டும், திருச்சிக்கு வண்டியா இல்லை. ஆனால் பையைத் தோளில் போட்டபோது ஒன்று உறைத்தது. இப்போது போனால் அது நானாகப் போனது ஆகாது. கை நீட்டினவன் ஓடிவிட்டான் என்றுதான் சொல்வார்கள். இத்தனை ஊர் சுற்றி நான் காப்பாற்றி வைத்திருந்த ஒரே சொத்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் போய்விடும். பையை இறக்கி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

டீக்கடை மாடியில் சங்கத்து ரூம். ஐந்து முதலாளிகள், பாய் நடுவில். மஞ்சள் வண்டிக் கண்டக்டரும் கதவோரம் நின்றிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"என் கடிகாரம் சரியா இருக்குங்க" என்றேன். "இப்பவே வேணும்னா டெலிபோன்ல நேரம் கேட்டுப் பாருங்க."

மஞ்சள் வண்டி முதலாளி சிரித்தார். "இன்னிக்கு சரியாத்தான் இருக்கும். கூட்டம்னு தெரிஞ்சதும் திருப்பி வெச்சிருப்பே. போன மாசம் என்னா காட்டுச்சுன்னு எவனுக்குத் தெரியும்? போன நேரத்த யாரு திருப்பிக் கொண்டாறது?"

"நான் கொண்டு வந்திருக்கேங்க" என்று சொல்லி நோட்டை மேஜைமேல் வைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்த வார்த்தைக்காக எனக்கு ஒரு நிமிர்வு வருகிறது.

சூரியன் முன்னே பின்னே போவதை விளக்க ஆரம்பித்தேன். ரெண்டு முதலாளிகள் கொட்டாவி விட்டார்கள். பாய் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மத்தியானத் தொழுக, லுஹர் நேரம் இப்படித்தாம்ப்பா போகும். உச்சி சாஞ்சாத்தான் எங்களுக்குத் தொழுக. தினமும் மாறும். பள்ளிவாசல்ல வருஷத்துக்கும் சேத்து அட்டவணையே தொங்குது." கீழே டீக்கடைக்காரரிடம் சத்தம் போட்டுச் சொல்லி, பள்ளிவாசலிலிருந்து அந்த அட்டையை வாங்கி வரச் சொன்னார். வந்ததும் அட்டையில் ஒரு விரல், என் நோட்டில் ஒரு விரல் என்று வைத்துக்கொண்டு கார்த்திகை முதலிலிருந்து ஒவ்வொரு நாளாக இறங்கினார். அட்டையில் உச்சி சாய்வதற்கென்று ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டிப் போட்டிருந்தார்கள். அந்த இடைவெளி முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மாறவே இல்லை.

"ரெண்டும் ஜோடி போட்டுகிட்டு நடக்குதே" என்றார். "இவன் கடிகாரம் ஒன்றர மாசமா அஞ்சு நிமிஷம் தப்பா இருந்து இன்னிக்குத் திருப்பியிருந்தா, எங்கயாவது ஒரு குதி குதிச்சிருக்கணுமே?"

"அட்டையப் பாத்து நேத்து ராவு காப்பியடிச்சிருப்பான்" என்றார் மஞ்சள் வண்டி முதலாளி.

"இன்னிக்கு உச்சி இன்னும் வரலீங்க" என்றேன். "கீழ வாங்க. பன்னண்டு இருபத்தாறு தாண்டும், இருபத்தேழு அடிக்கறதுக்குள்ள விழும். நேத்து விழுந்தத வெச்சுச் சொல்றேன். நேரத்த நீங்களே பாருங்க, என் கடிகாரம் வேணாம்."

ஐந்து முதலாளிகளும் இறங்கி வந்தார்கள். பாய் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் டெலிபோனில் நேரம் கேட்டுத் தன் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டு வந்தார். வெள்ளை வேட்டிகள் கொடிக்கம்பத்தைச் சுற்றி நிற்பதைப் பார்த்துக் கட்சி மீட்டிங் என்று கூட்டம் சேர்ந்தது. ஒரு பூக்காரம்மா, "யாரு பேசறா?" என்று கேட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தது.

நான் கடிகாரம் எதையும் பார்க்கவில்லை. நிழலைத்தான் பார்த்தேன். சாதாரண நாளில் அது நகர்வதே தெரியாது. அன்று அதன் ஓரம் சிமெண்டில் ஒவ்வொரு மணலாக ஏறி இறங்கியது தெரிந்தது. பச்சை வண்டி டிரைவர் சொன்ன புளியமர எறும்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல் குழியில் வெடிக்குக் காத்திருந்தபோதுகூட நேரம் அவ்வளவு அகலமாக விரிந்ததில்லை. எண்ணலாம் என்று பார்த்தேன். எண்ணிக்கை நாற்பதுக்கு மேல் போகவில்லை. எனக்குள் இருந்த கடிகாரம் அன்று ஒருநாள் நின்றே போனது.

"விழுந்துருச்சு!" என்று ஒரு குரல் கத்தியது. நான் இல்லை. மஞ்சள் வண்டி கண்டக்டர். பழக்கதோஷம்.

பாய் கையைத் தூக்கிப் பார்த்தார். "இருபத்தாறு. நாப்பது செகண்டு."

பூக்காரம்மாவைத் தவிர எல்லாரும் ஏதோ பேசினார்கள். மஞ்சள் வண்டி முதலாளி மட்டும் தன் ஆளைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏண்டா கத்துன?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். நோட்டில் மார்கழிப் பக்கத்தைத் திறந்து பாயிடம் நீட்டினேன். நாலு நாள் கணக்கு வேறு பேனாவில், வேறு கையில், டிக்கெட் கையெழுத்தோடு இருந்தது. பாய் அதைக் கண்டக்டர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது யாரு போட்டது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு வேலை நிலைக்கும், எனக்குப் போகும். சொல்லவும் நியாயம் உண்டு, மூணு பிள்ளைக்காரர். முதலாளியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"என் கையெழுத்துதாங்க முதலாளி. நான்தான் நின்னு பாத்தேன். அன்னன்னிக்கு எழுதினதுதான். ராவுல எழுதினது இல்ல."

"அப்ப நம்ம வண்டியில நான் மாட்டுன புதுக் கடிகாரம் பொய் சொல்லுதா? கார்த்திகை தீபத்தன்னிக்கு எங்க வூட்டுக் கடிகாரத்தப் பாத்து நானே என் கையால வெச்சதுடா அது!"

"உங்க வூட்டுக் கடிகாரம் சரியா இருக்குமா?" என்று பாய் கேட்டார்.

"என்னா பாய் இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு நாளு ஒரு வேலைக்கு நாங்க லேட்டாப் போனதில்ல. எங்க வூட்ல எல்லாக் கடிகாரமும் எப்பவும் அஞ்சு நிமிஷம் கூடத்தான் ஓடும்" என்று அவர் மார்பைத் தட்டினார்.

அவர் கை மார்பிலேயே நின்றது. முதலில் சிரித்தது பச்சை வண்டி முதலாளி. பிறகு எல்லாரும்.

இதில் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. ஒன்றரை மாதமாகக் கண்டக்டருக்கு எப்படிச் சந்தேகம் வரவில்லை? அவரே சொன்னார். எங்கள் பக்கத்துக் கண்டக்டர்கள் எல்லாரும் கைக்கடிகாரத்தை அஞ்சு நிமிஷம் கூட்டித்தான் கட்டுவார்கள். மனசுக்குள் அஞ்சைக் கழித்துக்கொள்வார்கள். "முதலாளி புதுக் கடிகாரம் மாட்டினாரு. அதும் என் வாட்சும் ஒண்ணாக் காட்டுச்சு. ரெண்டு கடிகாரம் ஒண்ணாச் சொன்னப்பறம் எதுக்குக் கழிக்கணும்னு விட்டுட்டேன். டைம் ஆபீஸ் கடிகாரந்தான் ஸ்லோன்னு நெனச்சேன்." ரெண்டு தப்பு ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லியிருக்கிறது. டீச்சர் சொன்ன ஒப்பந்தம் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் வண்டி முதலாளி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "சரி சரி, விசில அடி, வண்டி போகட்டும்" என்றார். அது பன்னிரண்டு நாற்பது வண்டி. அதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. "இன்னும் நேரம் ஆகலீங்க" என்றேன். பாய் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அன்றைய வரியை நோட்டில் எழுதி ஐந்து முதலாளிகளிடமும் கையெழுத்துக் கேட்டேன். கொடுத்தார்கள். மஞ்சள் வண்டிக்காரர் கடைசியாக, பெரிதாகப் போட்டார்.

மறுநாள் காலை பச்சை வண்டி போன பிறகு கண்டக்டர் கூண்டு வாசலில் வந்து நின்றார். "நேரம், நேரம் சொல்லுய்யா." சொன்னேன். வண்டிக் கடிகாரத்தைச் சரியாகத் திருப்பிவிட்டு வந்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைத் திருகி, சரியாக வைத்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடியும் அஞ்சு நிமிஷம் முன்னால் தள்ளினார்.

"என்னண்ணே இது?"

"சரியான நேரத்த வெச்சுகிட்டு எப்புடிய்யா பொழைக்கறது?"

அதன் பிறகு ஒவ்வொரு வண்டியும் முதல் நடைக்கு முன்னால் என்னிடம் நேரம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பியது. ஒரு வருஷம் தாண்டாதவன் எட்டு வருஷத்துக்கும் மேல் அந்தக் கூண்டில் இருந்தேன். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், மறு வருஷமே சேர்த்தார்கள். நான் அங்கேயே இருந்தேன். மறுபடியும் பிரிக்கிற பேச்சு வந்த வருஷம், கால் அரித்தது. ஒரு சித்திரை மாதம், கம்பத்துக்கு நிழல் இல்லாத நாள் பார்த்துக் கிளம்பினேன். கல் நத்தையைப் புதிதாக வந்த டைம் கீப்பரிடம் விட்டுவிட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டேன். ஏறியது மஞ்சள் வண்டி. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல், "எங்கய்யா?" என்றார்.

"தெரியலண்ணே. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

விசில் கேட்டது. கடிகாரம் பார்க்காமலே சொன்னேன், நேரம் சரி என்று. அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அஞ்சைக் கழித்து, தலையை ஆட்டினார்.